அப்கிரேடு பண்ணுங்க சாமி, பிடுங்காதீங்க!

இன்றைக்குக் கொஞ்சம் காரம் தூக்கலாக இருக்கும். பி.பி. உள்ளவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு படிக்கவும் :-)

"மேம்படுத்தப்பட்ட புதிய பதிப்பு" என்று யாராவது ஒரு மென்பொருளைக் கையில் கொடுத்தால், அதில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. எதைக் காணோம் என்றுதான் முதலில் தேடுவேன். 22 வருஷமாகப் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன், அதிலும் நொய்டாவில் உட்கார்ந்து யார் யாருடைய மென்பொருளுக்கோ புதிய பதிப்பு போட்டுக் கொடுத்தே குடும்பம் நடத்துகிறவன், இப்படிச் சொல்வது உண்ட வீட்டுக்கு ரெண்டகம்தான். இருந்தாலும் சொல்கிறேன். புதுசு வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? பழசை ஏன் ஐயா பிடுங்குகிறீர்கள்?

பிடுங்கப்பட்ட சங்கதி இதுதான்: தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் விசைப்பலகை அமைப்பு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் "யளனக" என்று இடது கையின் நான்கு விரல்களில் தொடங்குமே, அது. பறிகொடுத்தவர் என் அப்பா. பிடுங்கியது அவர் பல வருஷமாகப் பயன்படுத்திய ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருள். பெயர் வேண்டாம். செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, தமிழுக்கு நல்லது நினைத்துத்தான் செய்தார்கள். நல்லவர்கள் செய்கிற காரியம்தான் சில நேரம் ரொம்பவும் வலிக்கிறது.

அப்பா தமிழ் ஹையர் பாஸ். தாலுகா ஆபீஸில் தட்டச்சராகச் சேர்ந்து படிப்படியாக மேலே போய் 2008ல் ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரில் அவருக்கு ஒரு சின்ன ராஜ்ஜியம் உண்டு. திண்ணையை ஒட்டிய அறையில் ஒரு கணினி, ஒரு பிரிண்டர். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று யார் வந்தாலும் கேட்டு எழுதிக்கொண்டு, அவர்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் மனுவை அடித்துக் கையில் கொடுத்துவிடுவார். காசு வாங்க மாட்டார். கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் முதல் காதுகுத்துப் பத்திரிகை வரை அந்த அறையிலிருந்துதான் போகும். நாலு பேர் தேடி வருவதுதான் அந்த வயதில் மருந்து. நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மாசா மாசம் பணம் அனுப்பலாம், நாலு மனுஷரை அனுப்ப முடியாது.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய பொட்டி விண்டோஸ் 11ஐத் தாங்காது என்பதால் நவம்பரில் புதுசு வாங்கினோம். ஊர்க் கடைப் பையன் வந்து எல்லாம் போட்டுக் கொடுத்தான். அந்தத் தமிழ் மென்பொருளின் புதிய பதிப்பையும் இறக்கிப் போட்டான். பளபளவென்று இருந்தது. ஒலிபெயர்ப்பு முறை இருந்தது, அடுத்த சொல்லை ஊகித்துச் சொல்லும் வசதி இருந்தது, தமிழ்99 இருந்தது. "பழைய தட்டச்சு" மட்டும் பட்டியலில் இல்லை. பழைய பதிப்பை அவர்கள் தளத்தில் தேடினேன். அதுவும் இல்லை. கடிதம் எழுதிக் கேட்டேன். குறைவாகப் பயன்படும் அமைப்புகளை நீக்கியிருக்கிறோம், ஒலிபெயர்ப்பு முறை எளிமையானது, அப்பாவை அதற்குப் பழக்கிவிடுங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

இந்த "குறைவாகப் பயன்படும்" என்பதை முதலில் பிடிப்போம்.

எப்படித் தெரியும், குறைவு என்று? இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் எப்படித் தெரிந்திருக்கும் என்பதை நானே சொல்கிறேன். எந்த வசதியை எத்தனை பேர் தொட்டார்கள் என்று மென்பொருளே எண்ணி, இணையம் வழியாக வீட்டுக்குச் சேதி அனுப்பும். மன்னார்குடி பக்கத்துத் திண்ணையில், பிரிண்டரோடு மட்டும் பேசிக்கொண்டு இணையமே இல்லாமல் பத்து வருஷம் ஓடிய பொட்டி எங்கே சேதி அனுப்பும்? ஜெராக்ஸ் கடைகளில், வக்கீல் குமாஸ்தாக்களின் மேசையில், கிராமத்து இ-சேவைக்குப் பக்கத்தில் மனு எழுதிக் கொடுக்கிறவர்களிடம் இருக்கிற பொட்டிகள் எந்தக் கணக்கில் வரும்? கணக்கில் வராதவர்கள் எல்லாம் இல்லாதவர்கள் என்று முடிவு கட்டுவது ஒரு கூட்டத்தில், ஒரு எக்செல் தாளில், அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. ஒவ்வொரு அமைப்பையும் ஒவ்வொரு பதிப்பிலும் சோதிக்கணும், அதற்கு ஆள் வேண்டும், காசு வேண்டும், எந்த வரியைக் கிழித்தால் செலவு குறையும் என்று பார்ப்பார்கள். நியாயம்தான். ஆனால் அதைச் "செலவு குறைத்தோம்" என்று சொல்லுங்கள். "மேம்படுத்தினோம்" என்று சொல்லாதீர்கள்.

அதோடு, இது செத்துப்போன அமைப்பும் இல்லை. தமிழக அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தமிழ்த் தட்டச்சுக்கு லோயர், ஹையர் என்று தேர்வு நடத்துகிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4ல் தட்டச்சர் பதவிக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். அதற்காக இன்றைக்கும் மன்னார்குடியிலும் மணப்பாறையிலும் சாயங்காலம் இன்ஸ்டிட்யூட் வாசலில் சைக்கிள்கள் நிற்கின்றன. கோத்ரெஜ் தட்டச்சு இயந்திரம் செய்வதை நிறுத்திவிட்டது என்ற செய்தி 2011ல் வந்தபோது நாமெல்லாம் உச்சுக்கொட்டினோம். இயந்திரம் போனது, விரல்கள் போகவில்லை. அரசாங்கமே பரீட்சை வைத்துப் பாஸ் போடுகிற ஒரு அமைப்பை யாரும் பயன்படுத்துவதில்லை என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

அடுத்தது, "பழகிக்கொள்ளட்டும்." இதை என் ஆபீஸ் நண்பர்களும் சொன்னார்கள். ஒரு தம்பி சொன்னான், "அண்ணே, ஃபோனெடிக் பத்து நிமிஷ வேலைண்ணே, 'அம்மா'ன்னு இங்கிலீஷ்ல அடிச்சா தமிழ்ல வந்துடும்." வரும் தம்பி, வரும். நானும் அப்படித்தான் 2004 வாக்கில் ஆரம்பித்தேன். ஆயிரக்கணக்கானவர்களைத் தமிழில் எழுத வைத்தது அந்த முறைதான், அதன் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அது யாருக்கு எளிமை? ஆங்கில விசைப்பலகையில் ஏற்கெனவே கை பழகியவனுக்கு எளிமை. நாற்பது வருஷம் தமிழை நேரடியாகத் தமிழ் விசையில் அடித்த ஒரு மனிதரைப் பார்த்து, 'ழ'வுக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து அடியுங்கள், பெரிய 'என்' போட்டால் 'ண', சின்ன 'என்' போட்டால் 'ன', 'ந' வேண்டுமென்றால் வேறு ஏதோ ஒன்று என்று சொல்வதற்குப் பெயர் எளிமையா? நேரே இருக்கிற வீட்டுக்குப் பக்கத்துத் தெருவைச் சுற்றி வரச் சொல்கிற வேலை. அதிலும் தமிழிலேயே நினைத்து, தமிழிலேயே அடித்தவர், இனி மனசுக்குள் ஒவ்வொரு சொல்லையும் ஆங்கில எழுத்தாக மாற்றிப் பிறகு அடிக்கணுமாம்.

சரி, தமிழ்99 பழகலாமே என்பீர்கள். நல்ல அமைப்பு. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்தது. உயிர் இடது பக்கம், மெய் வலது பக்கம். 'க'வை இரண்டு தடவை தட்டினால் 'க்க' தானே வந்து நிற்கும். நான் முப்பது வயதுக்கு மேல் அதைப் பழகினேன், இந்தப் பதிவும் அதில்தான் அடிக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கணும் என்றால் இதைத்தான் சொல்லிக்கொடுக்கணும். ஆனால் 75 வயதில், விரல் ஒரு இடத்துக்குப் போக மனசு இன்னொரு இடம் சொல்ல, ஒரு வரிக்கு ஆறு தடவை அழிக்கிற அவஸ்தை எதற்கு? அப்பா நாலு நாள் முயற்சி பண்ணினார். ஐந்தாம் நாள் மனு எழுத வந்த ஒரு பாட்டியம்மாவிடம், "கம்ப்யூட்டர் ரிப்பேரும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்று அம்மா போனில் சொன்னாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் இல்லை. வாங்கி மூன்று வாரம்.

குரல் தட்டச்சு இருக்கிறதே என்று தங்கமணி சொல்லிப் பார்த்தாள். அவர் மனு சொல்லும் தமிழை அது கேட்டு எழுதிய அழகை இங்கே போட்டால் குழந்தைகள் படிக்க முடியாது. தவிர, தன் வீட்டு வழக்கை வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருக்க உரக்கச் சொல்ல எந்தப் பாட்டிக்கு மனசு வரும்?

இப்போது ஒரு வேடிக்கை. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது கீழே இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானைத் தூக்கிவிட்டார்கள். உலகமே கூச்சல் போட்டது. 2013 அக்டோபரில் 8.1ல் பொத்தான் திரும்ப வந்தது, 2015ல் விண்டோஸ் 10ல் பட்டியலே திரும்ப வந்தது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11ல், திறந்து வைத்திருக்கும் ஜன்னல்களைக் கீழ்ப் பட்டையில் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதியை எடுத்தார்கள். மறுபடி கூச்சல். 2023ல் அதுவும் திரும்ப வந்தது. ஆக, பிடுங்கியது திரும்ப வராது என்பதெல்லாம் இல்லை. கூச்சல் போட ஆங்கிலம் தெரிந்த கோடிப் பேர் வேண்டும், அவ்வளவுதான். மனு எழுதிக் கொடுக்கிற மன்னார்குடிப் பெரியவர்கள் கூச்சல் போட்டால் யார் காதில் விழும்? அவர்கள் போடுகிற கூச்சல் "ரிப்பேரும்மா" என்பதோடு முடிந்துவிடும்.

இங்கே தில்லியில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். இந்தித் தட்டச்சு ஆட்களுக்கும் இதே பிரச்சினைதான். ரெமிங்டனில் பழகிய கைகள். ஆனால் அந்த அமைப்பு "ரெமிங்டன் கெயில்" என்ற பெயரில் யூனிகோடுக்கு வந்து சேர்ந்து, ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் நடத்தும் இந்தித் தட்டச்சுத் தேர்வில் இன்ஸ்கிரிப்ட்டோடு அதையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. வேலைக்கான பரீட்சையில் கேட்கிறார்கள், அதனால் அது வாழ்கிறது. தீஸ் ஹஸாரி கோர்ட் பக்கம் போனால் பழைய கைகள் புதிய பொட்டியில் பறப்பதைப் பார்க்கலாம். இந்திக்காரன் விரலுக்கு உள்ள மரியாதை நம் பெரியவர்கள் விரலுக்கும் வேண்டும் என்று கேட்டால் மொழி வெறியன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தமிழ்த் தட்டச்சு இயந்திரம் என்ன சும்மா வந்ததா? யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாப் பக்கம் பிழைக்கப் போன ஆர். முத்தையா என்பவர் மண்டையை உடைத்துக்கொண்டு அமைத்து, ஜெர்மனியில் செய்வித்தது. 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்கணும். அதற்கு, அடித்தாலும் வண்டி நகராமல் நிற்கும் "நகரா விசை" என்று ஒரு தந்திரத்தைக் கையாண்டார். நம்மை மாதிரி ஊரை விட்டுப் போன ஒரு ஆள் ராத்திரி கண் விழித்துச் செய்த காரியம். அதை ஒரு எக்செல் தாளில் கிழிக்கிறார்கள் என்றால் கோபம் வருமா வராதா?

சரி, புலம்பினால் போதுமா? மாற்று வழிக்கு வருவோம்.

பழைய தட்டச்சு அமைப்பைத் தருகிற மென்பொருள்கள் வேறு இல்லையா என்றால், இருக்கின்றன. என்.எச்.எம். ரைட்டரில் அது உண்டு, 2000களில் நம்மில் பாதிப் பேருக்கு அதுவும் இ-கலப்பையும்தான் சோறு போட்டன. அது போதும் என்பவர்கள் அங்கேயே போகலாம், தப்பே இல்லை. எனக்கு மட்டும் ஒரு வீம்பு. ஒரு தடவை பிடுங்கப்பட்டாயிற்று. இனிமேல் அமைப்பின் மூலமே எங்கள் வீட்டில் இருக்கணும். எவன் எந்தப் பதிப்பு போட்டாலும் அப்பாவின் 'க' அப்பாவின் ஆள்காட்டி விரலுக்குக் கீழேயே இருக்கணும்.

கீமேன் என்று ஒன்று உண்டு. 1993ல் லாவோஸ் நாட்டு மொழியை விண்டோஸில் அடிப்பதற்காக ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்க் டர்டின் எழுதியது. பழைய இ-கலப்பையின் வயிற்றுக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் இதே கீமேன்தான், நிறையப் பேருக்குத் தெரியாது. 2015ல் அதை எஸ்.ஐ.எல். என்ற மொழி நிறுவனம் எடுத்துக்கொண்டது, பிறகு முழுக்க இலவசமாகவும் திறமூலமாகவும் ஆக்கிவிட்டார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். முக்கியமாக, கூடவே கீமேன் டெவலப்பர் என்று ஒன்று தருகிறார்கள். நமக்கு வேண்டிய விசைப்பலகையை நாமே எழுதிக்கொள்ளலாம்.

மைக்ரோசாஃப்ட்டிடமும் விசைப்பலகை செய்கிற ஒரு சின்னக் கருவி உண்டு. ஆனால் இந்த வேலைக்கு அது ஆகாது. ஏன் என்பது சுவாரசியமான விஷயம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

தட்டச்சு இயந்திரம் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிக்கும். "கெ" வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு 'க'. காகிதத்தில் அப்படித்தானே இருக்கிறது. யூனிகோடு ஒலி வரிசையில் சேமிக்கும். முதலில் 'க', பிறகு கொம்பு. திரையில் காட்டும்போதுதான் கொம்பை முன்னால் தூக்கி வைக்கும். ஆகவே விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டும் மாற்றிக் கொடுத்தால், அப்பா கொம்பை அடித்தவுடன் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கும், அடுத்து வருகிற 'க' தனியாக நிற்கும். "கொ" இன்னும் மோசம். கொம்பு, 'க', கால் என்று மூன்று அடி. யூனிகோடில் 'க'வும் 'ொ' என்ற ஒரே குறியும். எனவே, கொம்பு வந்தால் காத்திரு, மெய் வந்ததும் இடம் மாற்று, அதன் பின் கால் வந்தால் இரண்டையும் ஒன்றாக்கு என்று முன்னால் என்ன வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்கிற மூளை வேண்டும். கீமேனுக்கு அது உண்டு. ஒரு விதிக்கு ஒரு வரி. வகுப்பறைக் கணக்கு மாதிரி எழுதிக்கொண்டு போகலாம்.

அப்பா கடிதத்தை "க்ஷேமம்" என்று தொடங்குகிற தலைமுறை. 'க்ஷ' நமக்கு ஒரு எழுத்து, யூனிகோடுக்கு 'க', புள்ளி, 'ஷ' என்று மூன்று. ஏகாரக் கொம்பு மூன்றையும் தாண்டிப் போய் உட்காரணும். அதற்கு ஒரு விதி தனியாக.

விசைகள் எங்கெங்கே என்பதற்கு நான் இணையத்துப் படங்களை நம்பவில்லை. ஒவ்வொன்று ஒவ்வொரு மாதிரி இருந்தது. அப்பாவிடமே போனில் கேட்டேன். "'ஞ' எங்கப்பா இருக்கு?" மௌனம். "தெரியலையேடா." "'ற'?" "அது... இருடா." பிறகு பார்த்தால், மேசையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு "கிணறு" என்று வெறும் பலகையில் அடித்துப் பார்த்து, எந்த விரல் போகிறது என்று கவனித்துச் சொல்கிறார்! வாய்க்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிகிறது. இப்படியே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல்லைக் கண்டுபிடித்து அடித்து அடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பட்டியல் போட்டோம். பழகிக்கொள்ளட்டும் என்று கடிதம் எழுதியவர்களுக்கு இந்த ஒரு காட்சியை அனுப்பணும் போல இருந்தது. இது படித்துத் தெரிந்த பாடம் இல்லை ஐயா, மறக்கச் சொல்லி மறப்பதற்கு.

ஔகாரத்தில்தான் பெரிய சண்டை. இயந்திரத்தில் கொம்பு, 'க', பிறகு 'ள' அடித்தால் "கௌ". அந்த 'ள'வும் சாதாரண 'ள'வும் ஒரே விசை. மனிதர் படித்துப் புரிந்துகொள்வார். பொட்டிக்கு எப்படித் தெரியும்? கொம்பு, 'த', 'ள' என்று வந்தால் அதை 'தௌ' என்று மாற்றவா, அல்லது அது "தெளிவு" என்பதன் ஆரம்பமா? நான் 'ள'வுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்த்து முடிவெடுக்கிற மாதிரி ஏதேதோ விதிகள் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். "ஏண்டா, கௌரவம், மௌனம், பௌர்ணமி. மனுவில் இதெல்லாம் எத்தனை தடவைடா வரும்? தெளிவும் வெள்ளமும் தினம் வேணும். கௌவுக்கு எங்கேயாவது ஒரு மூலையில தனியா ஒரு சாவி குடு." கொடுத்தேன். டிசைன் ஆர்க்கிடெக்ட் என்று நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறவர்கள் கவனிக்கவும். பயன்படுத்துகிறவரைக் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற விஷயம் இது.

இரண்டு சனி ஞாயிறு, நடுவில் சில ராத்திரிகள். மொத்தமே சில நூறு வரி. கோப்பை அனுப்பி, தூரத்திலிருந்தே அவர் பொட்டிக்குள் நுழைந்து நிறுவிக் கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அவர் அடித்த முதல் மனு யாருக்கு என்று கேட்டேன். அந்தப் பாட்டியம்மாவுக்காம். ஆள் அனுப்பி வரச் சொல்லியிருக்கிறார்.

இனி, இலவசமாகக் கொடுத்த மென்பொருளுக்கு இவ்வளவு வாயா என்று கேட்பவர்களுக்கு. பாராட்டி வாங்கிக்கொண்டு போ, இல்லையென்றால் சும்மா போ என்பது ஒரு நியாயம். ஆனால் இலவசமாகக் கொடுத்தவர்தான் ஊரையே அதற்குப் பழக்கினார். பழக்கிவிட்டுப் போகும்போது மூன்று காரியம் செய்திருக்கலாம், ஒன்றுக்கும் காசு செலவில்லை. பழைய பதிப்பை, "இதற்கு இனி நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒரு வரி எழுதி, அப்படியே பக்கத்தில் விட்டு வைத்திருக்கலாம். எந்த விசையில் எந்த எழுத்து என்ற பட்டியலை வெளியிட்டிருக்கலாம், நானும் அப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மிச்சப்படுத்தியிருப்போம். மூலத்தை அவிழ்த்து விட்டிருக்கலாம். விண்டோஸ் 8 காலத்தில் ஸ்டார்ட் பட்டியலைத் திரும்பக் கொடுத்த கிளாசிக் ஷெல் என்ற இலவச மென்பொருளை எழுதியவர், 2017ல் இனி என்னால் முடியாது என்று நிறுத்தினார். நிறுத்தும்போது மூலத்தை வைத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் அதை எடுத்து ஓப்பன் ஷெல் என்று தொடர்ந்தார்கள். கடையைச் சாத்துகிறவர் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவது இப்படித்தான்.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் ஒரு வார்த்தை. பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறீர்கள், கட்டணமும் வாங்குகிறீர்கள். பாஸ் செய்கிற ஒவ்வொரு பிள்ளை கையிலும், அவன் கற்ற அதே அமைப்பை எந்தக் கணினியிலும் நிறுவிக்கொள்ளும்படி ஒரு கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? ஒரு தனி மனிதன் இரண்டு வார இறுதியில் செய்ய முடிந்ததுதான்.

நம்மவர்களுக்கும் கொஞ்சம். நம்மில் முக்கால்வாசிப் பேர் ஊரில் இருக்கிற பெற்றோருக்குத் தொலைதூர சிஸ்டம் அட்மின்தான். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அவர்கள் தினம் தொடுகிற மென்பொருள் என்னென்ன என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதன் நிறுவல் கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் போட்டு பீரோவில் வையுங்கள். "அப்டேட் பண்ணவா" என்று கேட்கிற பையனிடம், முதலில் எனக்கு ஒரு போன் போடு என்று சொல்லி வையுங்கள். "அப்பா, இது ரொம்ப ஈஸிப்பா" என்று ஆரம்பிக்கும் முன், அவருக்கு ஏற்கெனவே ஈஸியாக இருப்பது எது என்று கேளுங்கள். ஒலிபெயர்ப்பில் மட்டுமே தமிழ் அடிக்கத் தெரிந்த என் மகள், தாத்தா விசைப்பலகையைப் பார்க்காமலே மனு அடிப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு, "தாத்தா பியானோ வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அவளுக்கு இப்போது தமிழ்99 சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தாத்தாவின் அமைப்புதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள், அது வேறு கதை.

யாருக்காவது அந்தக் கீமேன் கோப்பு வேண்டுமென்றால் தனி மடல் போடுங்கள், மூலத்தோடு அனுப்புகிறேன். மாற்றிக்கொள்ளுங்கள், பெயரை மாற்றி ஊருக்கெல்லாம் கொடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. மயூர் விஹாரில் ஒரு மாமா ஏற்கெனவே கேட்டிருக்கிறார், அவருடையது மேக். 'ஸ்ரீ'யை எங்கே வைப்பது என்று அவருக்கும் அப்பாவுக்கும் போனில் பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கிறது. முடிந்ததும் அடுத்த பதிப்பு. இருவர் அமைப்பும் அதில் இருக்கும்.